லைட் அடித்தால் நில்லுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை வீதிகளில் லொறிகளோடு ஓடப் பழகுதல்

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சான், செங்கலடிச் சந்தியில் வலப்புறம் திரும்புவதற்காகக் காரை நிறுத்தியிருந்தான். பக்கத்தில் நான். எதிரே அரிசி மூட்டை ஏற்றிய லொறி ஒன்று வந்தது. தூரத்திலேயே இரண்டு தரம் லைட்டை அடித்தது. "பார்த்தாயா, எவ்வளவு நல்ல மனுசன், வழி விடுகிறான்" என்று சொல்லிக்கொண்டே மச்சான் காரைத் திருப்பிவிட்டான். நான் கத்தியது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, லொறியின் பிரேக் கத்தியது சந்திக்கே கேட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம் மிஞ்சியது.

சாரதி தலையை வெளியே நீட்டி, "லைட் அடித்தேனே, கண் தெரியவில்லையா?" என்றார். "நீங்கள் லைட் அடித்ததால்தானே அண்ணன் திரும்பினேன்" என்றான் மச்சான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவன் பழகிய ஊரில் லைட் அடித்தால் "நீ போ" என்று பொருள். எங்கள் வீதியில் அதே லைட்டுக்கு "நான் வருகிறேன், நில்" என்று பொருள்.

இந்த மாதிரிச் சங்கதிகளை யாரும் எழுதி வைப்பதில்லை. சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையிலும் கேட்பதில்லை. ஆகவே மூன்று பேரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்: புதிதாக லைசென்ஸ் எடுத்து மோட்டார் சைக்கிளிலோ காரிலோ இறங்கியவர், வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வாகனம் ஓட்டுகிறவர், முதல் தடவையாக லொறியின் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் தம்பி.

முதலில் ஒரு லொறியில் ஏறுங்கள்

ஓடுகிற லொறியில் ஏற வேண்டாம், நிற்கிற லொறியில். தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு, ஐந்து நிமிடம் சாரதி இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். மற்ற எல்லாப் பாடமும் இதற்குப் பிறகுதான்.

நான் பத்து வருடம் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டு லொறிக்காரர்களைத் திட்டியவன். ஒரு நாள் சம்மாந்துறையில் அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் விற்கப் போனபோது, வரிசையில் நின்ற லொறியின் சாரதி, வயதானவர், பேச்சுத் துணைக்கு என்னை மேலே கூப்பிட்டார். ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்: "மகன், உங்கள் மோட்டார் சைக்கிளை எங்கே விட்டீர்கள்?" இடப்பக்க முன்சில்லுக்குப் பக்கத்தில் என்றேன். "இங்கிருந்து காட்டுங்கள் பார்ப்போம்" என்றார். எட்டிப் பார்த்தேன். ஜன்னலின் கீழ் விளிம்புக்கு மேலே ஆலையின் மதில் தெரிந்தது, மதிலோரத்து வேப்பமரம் தெரிந்தது. என் மோட்டார் சைக்கிள் இல்லை. பக்கக் கண்ணாடியில் லொறியின் பெட்டியும் பின்னால் நிற்கும் உழவு இயந்திரமும் தெரிந்தன. அங்கும் இல்லை. யாரோ கொண்டுபோய்விட்டார்களோ என்று ஒரு கணம் பயந்து கீழே இறங்கிப் பார்த்தேன். விட்ட இடத்திலேயே நின்றது.

அன்றிலிருந்து நான்கு இடங்களில் நிற்பதை விட்டுவிட்டேன்: லொறியின் மூக்குக்குக் கீழே, இடப்பக்கக் கதவோரம், வலப்பக்கக் கதவுக்குச் சற்றுப் பின்னே, பின்பலகையை ஒட்டி. இவற்றில் இடப்பக்கம்தான் மோசம், ஏனென்றால் எங்கள் நாட்டில் சாரதி வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அடையாளம் சுலபம்: லொறியின் கண்ணாடியில் சாரதியின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் அவருக்கு நீங்களும் தெரியவில்லை. சில லொறிகளில் கீழே பார்ப்பதற்கென்று குனிந்த சிறு கண்ணாடி ஒன்று இருக்கும். கிரேவல் ஓடும் டிப்பர்களில் அது பெரும்பாலும் தூசி மூடித்தான் கிடக்கும். அதை நம்ப வேண்டாம்.

லைட்டும் சிக்னலும் ஹோர்னும்

லைட் அடித்தால் நில்லுங்கள். இதைச் சொல்லிவிட்டேன். இரவில் என்றால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: "உன் லைட்டைத் தாழ்த்து." பகலில், எதிரே வருகிற வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக லைட் அடித்துக்கொண்டு வந்தால், வளைவுக்கு அப்பால் மாடோ, விபத்தோ, பொலிஸோ இருக்கிறது. எதுவாக இருந்தாலும் வேகத்தைக் குறைப்பதுதான் பதில்.

சிக்னல் விசயம் இன்னும் வில்லங்கம். லொறிக்குப் பின்னால் போகும்போது, திரும்புவதற்குச் சந்தியே இல்லாத இடத்தில் அது வலப்பக்கச் சிக்னல் போட்டால், "எதிரே வாகனம் வருகிறது, முந்தாதே" என்று உங்களுக்குச் சொல்கிறது. இடப்பக்கச் சிக்னல் போட்டால், "முன்னால் வெளியாக இருக்கிறது, போகலாம்" என்கிறது. சட்டப் புத்தகத்தில் இல்லாத வழக்கம் இது. நல்ல மனதோடு செய்கிற உதவி. ஆனால் அதே வலப்பக்கச் சிக்னலை அவர் உண்மையாகவே வயல் பாதைக்குள் திரும்புவதற்கும் போடுவார். அதே இடப்பக்கச் சிக்னலைத் தேநீர்க் கடையோரம் நிறுத்துவதற்கும் போடுவார். வலம் என்றால் குழப்பமே இல்லை, எந்தப் பொருளாக இருந்தாலும் முந்தக் கூடாது. இடம் என்றால் அதைச் செய்தியாக மட்டும் வைத்துக்கொண்டு, வீதியை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு போங்கள். எதிரே வருகிறவன் அவர் மீது மோதப் போவதில்லை, உங்கள் மீதுதான் மோதுவான்.

முந்திய பிறகு ஒரு சின்ன "பீப்" அடித்தாலோ கையை உயர்த்தினாலோ போதும், நன்றி போய்ச் சேர்ந்துவிடும். முந்துவதற்கு முன்பும் அதே அளவு சின்ன ஹோர்ன்தான். பின்னால் நின்றுகொண்டு ஹோர்னிலிருந்து கையை எடுக்காதவரைக் கண்டால் லொறிச் சாரதிக்கு வருகிற கோபம் நியாயமானது: அவர் ஒதுங்க இடம் இல்லாமல்தான் ஒதுங்காமல் போகிறார்.

முந்துவதற்கு முன் ஒரு கணக்கு

ஊருக்கு வெளியே லொறி மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிறது, நீங்கள் காரில் 70இல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10 கிலோமீற்றர், அதாவது ஒரு செக்கனுக்கு 3 மீற்றர்கூட இல்லை. லொறிக்கு 20 மீற்றர் பின்னாலிருந்து புறப்பட்டு, 10 மீற்றர் நீள லொறியைக் கடந்து, அதற்கு முன்னால் 20 மீற்றர் விட்டு, காரின் நீளத்தையும் சேர்த்து உள்ளே வர 55 மீற்றர் அதிகமாக ஓட வேண்டும். அதற்கு 20 செக்கன் பிடிக்கும். அந்த 20 செக்கனில் நீங்கள் ஏறக்குறைய 390 மீற்றர் போயிருப்பீர்கள். எதிரே ஒருவர் 70இல் வந்தால் அவரும் 390 மீற்றர் வந்திருப்பார். ஆக, 800 மீற்றருக்கு வீதி வெறுமையாகத் தெரிந்தால்தான் அந்த முந்தல் சரி.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் சுமார் 40 கிலோமீற்றர். ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை என்று ஊருக்குமேல் ஊர் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. 800 மீற்றர் வெறுமையை இதில் எங்கே தேடுவது? அந்த லொறியை விடுங்கள். கல்முனைக்குப் போய்ச் சேரும்போது உங்களுக்கு மிச்சமாகப் போவது ஒரு பிளேன்டீ ஆறும் நேரம்.

லொறி 40இல் ஊர்ந்தால் கதை வேறு. ஏழு செக்கனுக்குள் கடந்துவிடலாம், 260 மீற்றர் வெளி போதும். முந்தி முடித்ததும் உடனே லொறியின் முன்னால் வெட்டி நுழைய வேண்டாம். உள்கண்ணாடியில் லொறியின் இரண்டு முன்லைட்டும் முழுதாகத் தெரிந்த பிறகு இடப்பக்கம் வாருங்கள். நெல் ஏற்றிய லொறியின் முன்னால் நுழைந்து பிரேக் பிடிப்பதைப் போல மரியாதைக் கேடு வேறு கிடையாது. 60இல் போகும் லொறி ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் போய்விடும். அவர் கால் பிரேக்கில் வைத்து, பிரேக்கை இயக்கும் காற்று குழாயில் ஓடி, சில்லு இறுகுவதற்கு முன்பே அந்தத் தூரம் போய்விடும்.

இன்னொன்று, மோட்டார் சைக்கிள்காரருக்கு. வாகரைப் பக்கம், பனிச்சங்கேணிப் பாலம் போன்ற வெட்டவெளியில் பெரிய லொறி எதிரே கடக்கும்போது அதன் காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். கடற்காற்றும் சேர்ந்தால் ஒரு அடி ஆடத்தான் செய்யும். முன்கூட்டியே இடப்பக்கம் ஒதுங்கி, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடியுங்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டு ஒற்றைக் கையில் ஓட்டுகிறவருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

பட்டிருப்புச் சந்தியில் இடப்பக்கம்

கல்முனைப் பக்கமிருந்து வருகிற லொறி வெள்ளாவெளிக்குப் போவதென்றால் பட்டிருப்புச் சந்தியில் இடப்புறம் திரும்ப வேண்டும். நீளமான லொறி அப்படியே திரும்பாது. திரும்பும்போது பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராமல் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். மூலையில் நிற்கும் கம்பத்தில் ஏறாமல் இருக்க, சாரதி முதலில் வீதியின் நடுப்பக்கம் விலகுவார். அப்போது இடப்பக்கம் அழகான ஓர் இடைவெளி திறக்கும். மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் அது வாசல் திறந்த மாதிரித் தெரியும். சில செக்கனில் அந்த வாசல் மூடும்.

ஆகவே ஒரு வழி: சந்தியில் இடப்பக்கச் சிக்னல் போட்ட லொறி வலப்பக்கம் விலகினாலும், வேகம் குறைந்து நின்றாலும், அதன் பின்னால் நில்லுங்கள். பள்ளிக்கூடம் விடும் ஒன்றரை மணிக்கு, பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த இடைவெளிக்குள் போகிற தகப்பன்மாரைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வாவிக்கு அப்பால்

மண்முனைப் பாலத்தாலோ பட்டிருப்புப் பாலத்தாலோ, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் போனால் விதிகள் கொஞ்சம் மாறும். வீதி ஒடுக்கம், வாய்க்கால் பாலங்கள் இன்னும் ஒடுக்கம். பாலத்துக்கு முதலில் வந்தவர் முதலில் போகலாம் என்பது பொது வழக்கம். ஆனால் எதிரே நிற்பது பாரம் ஏற்றிய லொறி என்றால், நீங்கள் முதலில் வந்திருந்தாலும் அதற்கு விட்டுக்கொடுங்கள். நீங்கள் பின்னுக்கு எடுப்பது நிமிட வேலை. அவர் பின்னுக்கு எடுப்பதென்றால் உதவியாளர் இறங்க வேண்டும், பின்னால் நிற்கும் உழவு இயந்திரமும் பின்னுக்குப் போக வேண்டும், வரம்பு இடிந்தால் லொறி வயலுக்குள் இறங்கும்.

பெரும்போக அறுவடை மும்முரமான மாசி, பங்குனியில் வீதியின் ஒரு பாதியில் படங்கு விரித்து நெல் காயும். அதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று வாதாடலாம், ஆனால் அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. நெல் கிடக்கிற பக்கத்தில் வருகிறவர் நின்று, மற்றப் பக்கத்து வாகனத்துக்கு வழி விட வேண்டும். நெல்லின் ஓரத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கும் கல்லைப் பார்த்து ஓட்டுங்கள். காய்ந்த நெல்லில் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிக்காது, மணலைவிட மோசமாக வழுக்கும். வைக்கோல் ஏற்றிய வண்டிகள் தங்கள் அகலத்தைவிட இரண்டு அடி வெளியே நீட்டிக்கொண்டு வரும். ஹிங்குராணைப் பக்கம் போனால் கரும்பு வண்டிகள். இவற்றின் சாரதிக்குப் பின்பக்கம் எதுவுமே தெரியாது. அவராக ஒதுங்கும் வரை பொறுங்கள்.

மாரி மழையில் வீதிக்கு மேலே தண்ணீர் ஓடும்போது, "லொறி போய்விட்டது, நாமும் போகலாம்" என்று பின்னால் இறங்க வேண்டாம். லொறிக்கு அரைச் சில்லுத் தண்ணீர் உங்கள் காருக்கு எஞ்சின் மூழ்கும் தண்ணீர். ஓடுகிற வெள்ளத்துக்குப் பெரிய வாகனமும் ஒரு பொருட்டில்லை: 2024 நவம்பரில் காரைதீவுக்கும் அம்பாறைக்கும் இடைப்பட்ட மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் ஒன்றை வெள்ளம் இழுத்துச் சென்றதில் மதரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள். லொறிச் சாரதி தம்பிமாரே, நின்ற வெள்ளத்தில் ஓடும்போது நீங்கள் எழுப்பும் அலை, பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகிறது. நடை வேகத்தில் போங்கள்.

இரவில்

இரவில் வீதி லொறிகளுடையது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீனோடு புறப்படும் கூலர் லொறி, விடியுமுன் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போக வேண்டும். பிந்தினால் விலை விழும். அந்த அவசரத்தை நியாயப்படுத்தவில்லை. பின்னால் அப்படியொன்று வந்து லைட் அடித்தால், மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாமல் ஓரம் கட்டி விட்டுவிடுங்கள் என்கிறேன்.

எதிரே வாகனம் வந்தால் லைட்டைத் தாழ்த்துங்கள். அவர் தாழ்த்தாவிட்டால் ஒரு தரம் அடித்துக் காட்டலாம். அதற்கும் தாழ்த்தாவிட்டால் பதிலுக்கு நீங்களும் உயர்த்த வேண்டாம், இரண்டு குருடர்கள் எதிரெதிரே வருவதில் யாருக்கும் இலாபம் இல்லை. கண்ணை வீதியின் இடப்பக்க விளிம்பில் வைத்து மெதுவாகப் போங்கள். அங்கேதான் மாடும் படுத்திருக்கும். பகல் வெயிலில் சூடான தார் வீதி இரவில் மாட்டுக்கு மெத்தை. கறுப்பு எருமை என்றால் கடைசிச் செக்கனில்தான் தெரியும். எதிரே வருகிற லொறி இரண்டு பக்கச் சிக்னலையும் சேர்த்துப் போட்டால் அநேகமாக அதற்குத்தான்.

பொத்துவிலிலிருந்து லாகுகலைப் பக்கம் போகும் வீதியில் லொறிகள் வரிசையாக நிற்பதைக் கண்டால் முந்திக்கொண்டு முன்னால் போக வேண்டாம். யானை நிற்கும். ஹோர்ன் அடிக்காமல், லைட்டை யானையின் முகத்தில் அடிக்காமல், லொறிக்காரர்கள் எப்போது நகர்கிறார்களோ அப்போது நகருங்கள். வாரத்துக்கு மூன்று தரம் அந்த வழியால் போகிறவர்கள் அவர்கள்.

லொறியில் புதிதாக ஏறிய தம்பிக்கு

இதுவரை மற்றவர்களுக்குச் சொன்னேன். இனி உனக்கு. நீ பெரியவன், உனக்கு அடிபடாது, அவர்களுக்குத்தான் அடிபடும். அதனால் உன் பொறுப்பு அதிகம்.

மணலோ கிரேவலோ ஏற்றினால் படங்கைப் போட்டு இறுக்கிக் கட்டு. "பக்கத்தில்தானே" என்று கட்டாமல் போகிற டிப்பரிலிருந்து விழும் ஒரு பிடி மணல் போதும், வளைவில் வருகிற பெண் ஸ்கூட்டியோடு விழுவதற்கு. ஈர மணல் என்றால் தண்ணீர் வடிந்த பிறகு வீதிக்கு எடு.

லொறி பழுதாகி நின்றால் சில்லுக்குக் கல் கொடுப்பாய், பின்னால் கொப்பு முறித்துப் போடுவாய். சரி, எல்லோரும் செய்வதுதான். ஆனால் கொப்பை லொறியை ஒட்டிப் போடாதே, பின்னால் வருகிறவன் கண்டு பிரேக் பிடிக்கிற தூரத்தில் போடு. முக்கோண எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது இன்னும் நல்லது. புறப்படும்போது கல்லை எடுத்து ஓரத்தில் எறிந்துவிட்டுப் போ. எனக்குத் தெரிந்த ஒருவர், லொறி போய் இரண்டு நாளான பிறகு, அது விட்டுப்போன கல்லில் ஏறி விழுந்து கால் முறிந்து கிடந்தார். லொறியை யாரும் காணவில்லை. கல் மட்டும் இருந்தது.

இரண்டு மூன்று லொறி சேர்ந்து போனால் நடுவில் ஒரு கார் நுழையும் அளவு இடம் விடுங்கள். ஒட்டிக்கொண்டு போனால் பின்னால் வருகிறவன் மூன்றையும் ஒரேயடியாக முந்தப் பார்ப்பான். அது அவன் பிழை என்றாலும் வழி அடைத்தது நீங்கள். முன்னால் போகிற ஓட்டோவைத் துரத்தாதே, அதற்குச் சட்டப்படியே 40தான் வேகம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் காத்தான்குடிக்குள்ளோ சாய்ந்தமருதுக்குள்ளோ போனால் ஹோர்னை மறந்துவிடு. மரண ஊர்வலம் எதிர்ப்பட்டால் வேகத்தைக் குறை, பாட்டை நிறுத்து, அவர்கள் கடக்கும் வரை நில். ஆனி, ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் திருக்கோவில், பொத்துவில் வீதியோரமாக வருவார்கள். வயதான அம்மாக்களை உன் லொறியின் காற்றே தள்ளிவிடும். விலகி, மெதுவாகப் போ. தண்ணீர்ப் போத்தல் இருந்தால் உதவியாளரிடம் கொடுத்து நீட்டச் சொல்.

உரசிவிட்டால்

எவ்வளவு கவனமாக ஓடினாலும் ஒரு நாள் கண்ணாடி உரசும். இறங்கியவுடன் வாயில் வருகிற முதல் சொல்தான் மிச்சத்தைத் தீர்மானிக்கும். தமிழர் என்றால் "அண்ணன்", முஸ்லிம் என்றால் "காக்கா" அல்லது "நானா", சிங்களவர் என்றால் "அய்யே". இந்த வீதியில் மூன்றும் தேவைப்படும். யார் என்று தெரியாவிட்டால் "அண்ணன்" என்று தொடங்குங்கள், யாரும் கோபிப்பதில்லை. "காயம் ஏதும் இல்லையே?" என்பதை முதலில் கேளுங்கள், "லைசென்ஸ் இருக்கிறதா?" என்பதைப் பிறகு கேட்கலாம்.

காயம் இருந்தால் அம்பியூலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. காயப்பட்டவரை ஓட்டோவில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், முதுகு முறிந்திருந்தால் அது இன்னும் கெடும். காயம் இல்லாவிட்டால், வாகனங்களை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், காப்புறுதிக்கு அறிவியுங்கள். கூட்டம் கூடி ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லும். பெரிய வாகனம்தான் குற்றவாளி என்று தீர்ப்பு ஏற்கெனவே எழுதியிருக்கும். பிழை உங்கள் பக்கம் என்றால், மோட்டார் சைக்கிள்காரராக இருந்தாலும், அதைக் கூட்டத்தின் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அந்தச் சாரதி நாளைக்கும் இதே வீதியில்தான் ஓட வேண்டும்.

எல்லாம் பேசி முடிந்து புறப்படுமுன் வீதியில் கிடக்கும் கண்ணாடித் தூளைக் கூட்டி ஓரத்தில் தள்ளிவிடுங்கள். பக்கத்துக் கடையில் கேட்டால் தும்புத்தடி தருவார்கள்.